டாக்ஸி, மினிகேப், சாப்பாட்டுக்கடை: கவுன்சில் லைசென்ஸ் பற்றி எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

இங்கிலாந்தில இருக்கிற எங்கட ஆக்களில கனபேர் வந்த நாளில இருந்து ரெண்டு தொழிலை நம்பித்தான் குடும்பத்தை நிமித்தினவை, ஒண்டு கார் ஓடுறது, மற்றது சாப்பாடு விக்கிறது. ரெண்டும் கடைசியில கவுன்சிலில இருந்து வாற ஒரு கடிதத்தில தொங்கிக்கொண்டு நிக்குது. நான் 14 வருசம் மினிகேப் ஓடினனான், மனுசியின்ர தமையன் டேக்அவே வச்சிருக்கிறார், இப்ப சனிக்கிழமையில பிள்ளையளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில விட வாற ஆக்களுக்குப் பக்கத்தில இருந்து ஃபோர்ம் நிரப்பிக் குடுக்கிறன். திரும்பத் திரும்ப ஒரே கேள்வியள்தான் வருகுது, அதுதான் எழுதி வைக்கிறன். இது இங்கிலாந்துச் சட்டம், ஸ்கொட்லாந்திலயும் வேல்ஸிலயும் சிலது மாறும். லைசென்ஸ் பறிபோற நிலைமையில நிக்கிறியள் எண்டால் இதை மட்டும் நம்பாம ஒரு லோயரைப் பிடியுங்கோ.

நான் லண்டனில இருக்கிறன். எங்கட பரோ கவுன்சிலிலயா மினிகேப் லைசென்ஸ் எடுக்கிறது?

இல்லை. லண்டனுக்குள்ள டாக்ஸியையும் மினிகேப்பையும் பாக்கிறது டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிறுவனம்), பரோ கவுன்சிலுக்கு அதில வேலை இல்லை. மினிகேப்புக்கு 1998 லண்டன் சட்டம் இருக்கு. லண்டனுக்கு வெளிய, லெஸ்டர், மில்ரன் கீன்ஸ், கவன்ரி எண்டு எங்க போனாலும், அந்தந்த ஊர்க் கவுன்சில்தான். அங்க பிரைவேட் ஹயருக்கு (மினிகேப்புக்குச் சட்டத்தில உள்ள பேர்) 1976ஆம் ஆண்டுச் சட்டம், கறுப்பு டாக்ஸிக்கு அதோட குதிரை வண்டிக் காலத்து 1847ஆம் ஆண்டுச் சட்டமும் இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. சாப்பாட்டுக்கடை மட்டும் லண்டனிலயும் பரோ கவுன்சில்தான்.

டாக்ஸிக்கும் மினிகேப்புக்கும் என்ன வித்தியாசம், ரெண்டும் கார்தானே?

ரோட்டில கை காட்டினால் ஏத்திறதும், டாக்ஸி ராங்கில (டாக்ஸி வரிசையா நிக்கிற இடத்தில) நிண்டு ஏத்திறதும் டாக்ஸிக்கு மட்டும்தான். மினிகேப் முன்கூட்டியே ஆப்பரேட்டர் மூலமா புக் பண்ணினதா இருக்கவேணும். வெள்ளி இரவு ஸ்டேசனுக்கு முன்னால நிண்டு "எங்க போகோணும்" எண்டு கேட்டு ஆளை ஏத்தினால் அது குற்றம், அதோட அந்த நேரம் உங்கட இன்சூரன்ஸும் செல்லாது, இன்சூரன்ஸ் இல்லாம ஓடினதுக்கு டிரைவிங் லைசென்ஸில 6 தண்டப் பொயின்ற்ஸில இருந்து தொடங்கும். சாதாரண உடுப்பில கவுன்சில் ஆக்கள் வந்து கேட்டுப் பாப்பினம். பத்துப் பவுண்ஸுக்காக டிரைவர் பேட்ஜைப் பறிகுடுத்த பொடியங்களை எனக்குத் தெரியும்.

"ஃபிட் அண்ட் ப்ராப்பர்" எண்டு கடிதத்தில எழுதியிருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்?

இந்த மூண்டு சொல்லிலதான் எல்லாம் இருக்கு. நீங்கள் தகுதியான, நம்பிக்கையான ஆள் எண்டு கவுன்சிலுக்குத் திருப்தி வந்தால்தான் லைசென்ஸ் குடுக்கலாம், திருப்தி இல்லையெண்டால் குடுக்கக் கூடாது எண்டுதான் சட்டம். அதாவது நீங்கள் கூடாத ஆள் எண்டு அவை நிரூபிக்கத் தேவையில்லை, நல்ல ஆள் எண்டு நீங்கள்தான் காட்டோணும். கிரிமினல் கோர்ட்டில சந்தேகத்தின்ர பலன் உங்களுக்கு வரும், இங்க வராது. போக்குவரத்து அமைச்சு 2020 ஜூலையில கவுன்சில்களுக்குக் குடுத்த தரநிலையில ஒரு கேள்வியைத் தங்களைத் தாங்களே கேக்கச் சொல்லியிருக்கு. உங்கட பிள்ளையையோ வயசான தாயையோ ராத்திரி எந்த நேரத்திலயும் தனிய இந்த ஆளின்ர காரில ஏத்தி விடுவியளா எண்டதுதான் அதின்ர சாரம். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். இந்தக் கேள்வி பிழை எண்டு என்னால சொல்ல ஏலாது.

அதால கோர்ட்டில கேஸ் தள்ளுபடி ஆகினாலும் கவுன்சில் அதைப் பற்றிக் கேக்கலாம். பயணியின்ர முறைப்பாடுகளையும் கேக்கலாம். "கோர்ட்டே விட்டிட்டுது, நீங்கள் ஆர்" எண்டு கதைச்சால் அது உங்களுக்குத்தான் கேடு.

முந்தி இவ்வளவு கடுமை இல்லையே, ஏன் இப்பிடி மாறினது?

ரொதரம் எண்ட ஊரில நடந்ததுதான் பெரிய காரணம். 1997இல இருந்து 2013 வரைக்கும் குறைஞ்சது 1,400 பிள்ளையள் பாலியல் கொடுமைக்கு ஆளானவை எண்டு 2014இல பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின்ர அறிக்கை வந்தது, அதில டாக்ஸி ஓடின சிலரின்ர பங்கும் வந்தது. 2015இல லூயிஸ் கேசி அந்தக் கவுன்சிலை விசாரிச்சு, டாக்ஸி லைசென்ஸ் பகுதி பாதுகாப்பை முன்னுக்கு வைக்கேல்லை எண்டு எழுதினா. பிறகு கவுன்சிலையே அரசாங்கம் அனுப்பின கமிசனர்கள் பொறுப்பெடுத்தவை. அதுக்குப் பிறகுதான் நாடு முழுக்க விதி இறுகினது. எங்களுக்கு ஃபோர்மில வாற ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால ஆரோ ஒரு பிள்ளை இருக்கு எண்டு நினைச்சால் எரிச்சல் குறையும்.

எனக்கு 20 வருசத்துக்கு முதல் ஒரு கேஸ், அது "ஸ்பென்ட்" ஆகிட்டுது (காலம் முடிஞ்சு, இனி கணக்கில வராது) எண்டு லோயர் சொன்னவர். எழுதத் தேவையில்லைதானே?

எழுதுங்கோ. சாதாரண வேலைக்கு ஸ்பென்ட் ஆன கேஸை மறைக்க உரிமை இருக்கு, ஆனா டாக்ஸி, மினிகேப் டிரைவருக்கு அந்தச் சலுகை இல்லை, பழையதையும் பாக்கலாம். சில சின்னப் பழைய விசயங்கள் டிபிஎஸ்ஸில (குற்றப் பதிவுச் சோதனையில) வடிகட்டுப்பட்டு வராது, அதைச் சொல்லத் தேவையில்லை, எது வடிகட்டுப்படும் எண்டு தெரியாட்டில் கேட்டுத் தெரிஞ்சுகொண்டு எழுதுங்கோ. மேம்பட்ட டிபிஎஸ்தான் எடுப்பினம், ஒருக்கா எடுத்து முடியிறதும் இல்லை, 6 மாதத்துக்கு ஒருக்கா திரும்பப் பாக்கச் சொல்லித் தரநிலை. அதால டிபிஎஸ்ஸின்ர அப்டேட் சர்விஸில சேருங்கோ, அந்தச் சந்தா விட்டுப்போகாமப் பாருங்கோ, பாங்க் காட் மாறினதால காசு கட்டுப்படாம நிண்டு திரும்ப முதலில இருந்து அலைஞ்ச ஆக்கள் கனபேர்.

கேஸ் இருந்தால் எத்தினை வருசம் பொறுக்கோணும்?

2020 தரநிலையில இருக்கிறதைச் சொல்லுறன், கவுன்சிலுக்குக் கவுன்சில் தங்கட கொள்கை இருக்கு, அதையும் பாருங்கோ. ஆள் செத்த குற்றம், ஆக்களைச் சுரண்டின குற்றம், பாலியல் குற்றம் எண்டால் லைசென்ஸ் இல்லை. அடிதடி 10 வருசம், அதுவும் தண்டனை முடிஞ்ச நாளில இருந்து. போதைப்பொருள் வித்தது 10. ஆயுதம் வச்சிருந்தது 7. களவு, மோசடி மாதிரி நேர்மையில்லாத குற்றம் 7. குடிச்சிட்டு ஓடினது 7. கையில ஃபோன் வச்சுக்கொண்டு ஓடினது 5.

நேர்மையீனத்துக்கு 7 வருசம் எண்டதை வடிவாப் பாருங்கோ. இன்சூரன்ஸில விலாசத்தை மாத்திக் குடுக்கிறதை எங்கட ஆக்கள் சின்ன விசயமா நினைக்கினம். கேஸ் ஆகினால் அது இந்தப் பெட்டிக்குள்ளதான் வந்து விழும்.

ஃபோன் பிடிச்சதுக்கு 6 பொயின்ற்ஸ் விழுந்திட்டுது. ரினிவலுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு, அப்ப சொல்லலாம்தானே?

வேண்டாம் வேண்டாம். உங்கட லைசென்ஸோட வந்த நிபந்தனைக் கடதாசியை எடுத்துப் பாருங்கோ. கைது, குற்றச்சாட்டு, தண்டனை இதுகளை 48 மணித்தியாலத்துக்குள்ள அறிவிக்கோணும் எண்டு தரநிலை சொல்லுது, வாகனக் குற்றமும் அதில சேரும். 2017 மார்ச்சில இருந்து ஃபோனுக்கு 6 பொயின்ற்ஸும் 200 பவுண்ஸும், 2022 மார்ச்சில இருந்து கையில எடுத்து எதுக்குத் தொட்டாலும் குற்றம், ஆப்பில ஜொப் வந்ததைப் பாத்தனான் எண்டது காரணம் ஆகாது. ஃபோனை ஸ்டாண்டில பூட்டி வையுங்கோ.

அறிவிக்கிறதை ஈமெயிலில செய்யுங்கோ, அனுப்பின நேரத்தோட ஒரு கொப்பி எடுத்து வையுங்கோ. ஃபோனில சொன்னனான் எண்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் இராது.

இலங்கைப் பொலிஸ் ரிப்போர்ட் கேக்கினம். நான் அகதியா வந்தனான், எப்பிடி எடுக்கிறது?

18 வயசுக்குப் பிறகு தொடர்ச்சியா 3 மாதத்துக்கு மேல வெளிநாட்டில இருந்திருந்தால் அந்த நாட்டு நன்னடத்தைச் சான்று கேக்கிறது வழமை. பிரச்சினை இல்லாத ஆக்கள் ஹைகமிசன் வழியா எடுக்கலாம். ஆனா எந்த அரசாங்கத்துக்குப் பயந்து ஓடி வந்தமோ அதே அரசாங்கத்திட்டப் போய் நான் நல்லவன் எண்டு எழுதித் தா எண்டு கேக்க ஏலாத ஆக்கள் எங்களுக்குள்ள இருக்கினம். அதைக் கவுன்சிலுக்கு வாயால சொல்லாம எழுத்தில சொல்லுங்கோ. அகதி அந்தஸ்துக் கடிதத்தின்ர பிரதியையும், எந்த வயசில வந்தனீங்கள் எண்டதையும் வச்சு, இதுக்குப் பதிலா எதை ஏற்பியள் எண்டு கேளுங்கோ. சத்தியக் கடதாசியையும், கனகாலம் தெரிஞ்ச ஒருத்தரின்ர கடிதத்தையும் ஏற்கிற கவுன்சில்கள் இருக்கு. விண்ணப்பத்துக்குக் காசு கட்ட முதலே இதைக் கேட்டு முடியுங்கோ.

கமிட்டிக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. அங்க என்ன நடக்கும்?

சாதாரணமா அதிகாரியளே முடிவெடுப்பினம், சிக்கலான கேஸ்தான் கவுன்சிலர்மாரின்ர லைசென்சிங் கமிட்டிக்குப் போகும். அநேகமா மூண்டு கவுன்சிலர்மார், பக்கத்தில கவுன்சிலின்ர சட்ட ஆலோசகர், எழுதுறதுக்கு ஒருத்தர், உங்கட ஃபைலை வாசிக்கிற லைசென்சிங் ஒஃபிசர். டிரைவர் கேஸ் எண்டால் தனிப்பட்ட விசயம் இருக்கிறதால பொது ஆக்களை வெளிய விட்டிட்டுத்தான் கேக்கிறது. முதல் ஒஃபிசர் சொல்லுவார், பிறகு நீங்கள், பிறகு கேள்வி. கடைசியில உங்களை வெளிய இருத்திப்போட்டு முடிவெடுப்பினம். அறிக்கை முதலே உங்களுக்கு வரும், அதை ஒரு வரி விடாம வாசிச்சு, பிழை இருந்தால் பென்சிலால கோடு போட்டுக்கொண்டு போங்கோ. கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகலாம், லோயராயும் இருக்கலாம்.

ஒருக்கா ஒரு தம்பியோட நான் போனன். ஃபோனுக்கு 6 பொயின்ற்ஸ், அறிவிக்கேல்லை, ரினிவல் ஃபோர்மிலயும் "இல்லை" எண்டு கீறியிருந்தவர். மடியில ஒரு பிரவுண் கவர், அதுக்குள்ள மோர்ட்கேஜ் கடிதம், பிள்ளையின்ர நேர்சரிப் பில், தாயின்ர ஆஸ்பத்திரிக் கடதாசி. அவருக்கு முறை வந்தோடன அந்தக் கவரைத் திறந்து ஒவ்வொண்டா மேசையில அடுக்கத் தொடங்கினார். சட்ட ஆலோசகர் அம்மா ஒருத்தி, சத்தம் போடேல்லை, மெதுவாத்தான் சொன்னா, இதுகளைக் கமிட்டி கணக்கில எடுக்க ஏலாது எண்டு. தம்பியின்ர கை கடதாசிக்கு மேலயே நிண்டுட்டுது. பிறகு ஒரு கவுன்சிலர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ஃபோர்மில ஏன் "இல்லை" எண்டு எழுதினனீர்? அதுக்கு அவரிட்ட மறுமொழி இருக்கேல்லை. பொயின்ற்ஸால மட்டும் அவர் அங்க போயிருக்கமாட்டார் எண்டுதான் நான் இண்டைக்கும் நினைக்கிறன்.

அப்ப குடும்பக் கஷ்டத்தைச் சொல்லவே கூடாதா?

2002இல லீட்ஸ் கவுன்சிலுக்கும் ஹுசைன் எண்ட டிரைவருக்கும் நடந்த வழக்கில ஹைகோர்ட் தெளிவாச் சொல்லியிருக்கு, லைசென்ஸ் போனால் டிரைவரின்ர சீவியம் என்னாகும் எண்டது இங்க பொருட்டில்லை, பயணியின்ர பாதுகாப்புத்தான் கேள்வி எண்டு. நடந்த விசயத்தை விளங்கப்படுத்த உதவுமெண்டால் மட்டும் தனிப்பட்ட நிலைமையைச் சொல்லலாம். உதாரணத்துக்கு, அண்டைக்கு அம்மாவை ஐசியுவில விட்டிட்டு வந்தனான், அதால கடிதத்தைப் பாக்கேல்லை எண்டால் அது விளக்கம். மோர்ட்கேஜ் கட்ட வேணும் எண்டது விளக்கம் இல்லை. கடுமைதான், எனக்கும் கேக்கேக்க மனம் பாரமாத்தான் இருக்கு, ஆனா அதைத் தெரிஞ்சுகொண்டு போனால் அந்தப் பத்து நிமிசத்தை உபயோகமா செலவழிக்கலாம். எத்தினை வருசம் முறைப்பாடு இல்லாம ஓடினனீங்கள், என்ன பிழை விட்டனீங்கள், அதுக்குப் பிறகு என்ன மாத்தினனீங்கள், என்ன கோர்ஸ் செய்தனீங்கள், இதைச் சொல்லுங்கோ.

லைசென்ஸைப் பறிச்சிட்டினம். இனி என்ன செய்யலாம்?

கடிதத்தில இருக்கிற திகதியைப் பாருங்கோ. 21 நாளுக்குள்ள மஜிஸ்ட்ரேட் கோர்ட்டில அப்பீல் போடோணும். கவுன்சிலுக்கு மன்றாடி ஈமெயில் எழுதிக்கொண்டிருந்து அந்த 21 நாளைத் துலைக்காதேங்கோ, ஈமெயில் அப்பீல் ஆகாது, கவுன்சில் ஒஃபிசர் எவ்வளவு அன்பா மறுமொழி எழுதினாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சாதாரண சஸ்பெண்ட் (தற்காலிகமா நிப்பாட்டுறது), ரிவோக் (பறிக்கிறது) எண்டால் 21 நாள் முடியத்தான் நடைமுறைக்கு வரும், அப்பீல் போட்டால் அது முடியும் வரைக்கும் ஓடலாம். ஆனா "பொதுமக்கள் பாதுகாப்புக்காக உடனடியா" எண்டு கடிதத்தில இருந்தால் அந்த நிமிசத்தில இருந்து ஓட ஏலாது, அப்பீல் போட்டாலும் ஏலாது. மாறி விளங்கிக்கொண்டு ஓடினால் புதுக் குற்றம்.

இன்னொரு விசயம், "இப்போதைக்கு சஸ்பெண்ட், விசாரிச்சிட்டு பிறகு ரிவோக்" எண்டு கவுன்சில் செய்தால் லோயரிட்ட உடனே காட்டுங்கோ. 2012இல கார்டிஃப் கவுன்சில் வழக்கில ஹைகோர்ட், சஸ்பெண்ட் எண்டது விசாரணை முடியிற வரைக்கும் பிடிச்சு வைக்கிற ஏற்பாடு இல்லை, அதுவே ஒரு முடிவான தீர்மானம் எண்டு சொன்னது.

கோர்ட் திரும்ப முழுக்கக் கேக்கும், புது ஆதாரமும் குடுக்கலாம். ஆனா வெண்டாலும் லோயர் காசைக் கவுன்சிலிட்ட இருந்து எடுக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, கவுன்சில் நியாயமாத்தான் நடந்தது எண்டால் 2000ஆம் ஆண்டு பிராட்ஃபோர்ட் வழக்குக்குப் பிறகு செலவு குடுக்கிறது குறைவு. தோத்தால் அவையின்ர செலவு உங்கட தலையில வரலாம். இதைக் கணக்குப் பாத்து முடிவெடுங்கோ.

இங்க தராட்டில் வேற ஊரில போய் எடுக்கலாம்தானே? வுல்வர்ஹாம்ப்டனில கெதியா தருகினமாம்.

வேற கவுன்சிலில எடுத்து இங்க மினிகேப் ஓடுறது சட்டப்படி நடக்குது, வுல்வர்ஹாம்ப்டன் அதில பேர் போனதுதான். ஆனா மறுத்ததை மறைக்க ஏலாது. 2022 சட்டத்துக்குப் பிறகு ஆருக்கு மறுத்தது, ஆரை சஸ்பெண்ட், ரிவோக் பண்ணினது எண்டதைப் பாதுகாப்புக் காரணம் எண்டால் தேசியப் பதிவில கவுன்சில் போட்டே ஆகவேணும், முடிவெடுக்க முதல் எல்லாக் கவுன்சிலும் அதைப் பாக்கவேணும். அந்தப் பதிவு 11 வருசம் இருக்கும். "முந்தி எங்கயும் மறுத்ததா" எண்ட கேள்விக்கு "இல்லை" எண்டு எழுதினால் ரெண்டாவது தரமும் போச்சு. வெளியூர் லைசென்ஸில ஓடுறதையே நிப்பாட்டவேணும் எண்டு 2025 ஜூனில அதே லூயிஸ் கேசி (பரோனஸ் கேசி) தன்ர அறிக்கையில கேட்டிருக்கிறா, அதால புதுசா எடுக்கப்போறவை இதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ.

காரில நாயை ஏத்தமாட்டன் எண்டு சொல்லலாமா? எனக்குப் பயம், சாமிப் படமும் வச்சிருக்கிறன்.

கண் தெரியாத ஆளின்ர வழிகாட்டி நாய் மாதிரி உதவி நாயை ஏத்தித்தான் ஆகவேணும், கூடுதல் காசும் கேக்கக் கூடாது. மறுத்தால் 1,000 பவுண்ஸ் வரைக்கும் ஃபைன், அதோட கமிட்டி. சமயம் காரணம் ஆகாது. அலர்ஜி, ஆஸ்மா, கடுமையான பயம் எண்டால் டொக்டரின்ர கடிதத்தோட கவுன்சிலில விலக்குச் சான்று எடுத்து கண்ணாடியில ஒட்டோணும், ஒட்டாமல் விலக்கு இல்லை. நான் முதல் தரம் ஏத்தேக்க எனக்கும் நெஞ்சு அடிச்சது. நாய் ஏறினது, அந்த அம்மாவின்ர காலடியில சுருண்டது, இறங்கும் வரைக்கும் அசையேல்லை.

டாக்ஸ் கோட் எண்டு ஏதோ கேக்கினம்?

2022 ஏப்ரல் 4இல இருந்து ரினிவலுக்கு எச்எம்ஆர்சி (வரித் திணைக்களம்) இணையத்தில கேள்வியளுக்கு மறுமொழி சொல்லி 9 எழுத்துக் கோட் எடுத்துக் குடுக்கோணும், அது 120 நாள் செல்லும். கோட் இல்லாட்டில் விண்ணப்பத்தையே பாக்கமாட்டினம். கடைசிக் கிழமைக்கு விடாதேங்கோ.

இனி சாப்பாட்டுப் பக்கம். நான் வீட்டில றோல்ஸும் பட்டீஸும் செய்து ஓடருக்குக் குடுக்கிறன். லைசென்ஸ் வேணுமா அக்கா எண்டு ஒரு தங்கச்சி என்ர மனுசியிட்டக் கேட்டவ.

லைசென்ஸ் இல்லை, பதிவு. தொடங்க 28 நாளுக்கு முதல் உங்கட கவுன்சிலில சாப்பாட்டு வியாபாரம் எண்டு பதியோணும். காசு இல்லை, மறுக்கவும் ஏலாது. எப்பவாவது கோயிலுக்குச் செய்து குடுக்கிறது வேற, வாட்ஸ்அப்பில விலை போட்டு ஒவ்வொரு கிழமையும் விக்கிறது வேற, ரெண்டாவது வியாபாரம்தான். பதிஞ்சால் இன்ஸ்பெக்டர் வருவார் எண்டு பயந்து பதியாம இருக்கினம், ஆனா பதியாததுதான் குற்றம். வாடகை வீடெண்டால் வீட்டுக்காரரிட்டயும் கேளுங்கோ.

கடையை வாங்கினன், கண்ணாடியில 5 எண்டு சாப்பாட்டுச் சுகாதார ரேட்டிங் ஒட்டியிருக்கு. அது எனக்கு வருமா?

வராது. ரேட்டிங் முந்தின ஓனருக்கு, நீங்கள் புதுசாப் பதியோணும், உங்கட முதல் இன்ஸ்பெக்சனுக்குப் பிறகுதான் உங்கட நம்பர். அந்த ஸ்டிக்கரைக் கழட்டுங்கோ. இங்கிலாந்தில ரேட்டிங்கை ஒட்டோணும் எண்டு கட்டாயம் இல்லை, வேல்ஸிலயும் வட அயர்லாந்திலயும் கட்டாயம்.

இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன பாப்பார்?

சொல்லாமல்தான் வருவினம். மூண்டு விசயத்துக்குப் புள்ளி: சாப்பாட்டை எப்பிடிக் கையாளுறியள், இடம் எவ்வளவு துப்பரவு, உங்கட நிர்வாகத்தில எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம். எங்கட கடையள் விழுறது மூண்டாவதில.

மச்சானின்ர கடைக்கு வந்த அண்டைக்கு நான் அங்க வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிண்டனான். வந்த பிள்ளைக்கு முப்பது வயசிருக்கும், கை கழுவிப்போட்டு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நேர சோத்து வாளியிட்டப் போனா. ஃபிரைட் ரைஸுக்கு எண்டு காலமை அவிச்ச சோறு, மூடி போட்டபடி மூலைக்குள்ள இருந்தது. நடுவில புரோபை (சூடு அளக்கிற கம்பியை) விட்டா, 34 டிகிரி. சோத்தில இருக்கிற ஒரு கிருமி அவிச்சாலும் சாகாது, வெதுவெதுப்பில பெருகி நஞ்சு விடும், பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. எங்கட ஊரில பழஞ்சோறு சாப்பிட்டு வளந்த எங்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் கஷ்டம். சோத்தை அகலமான தட்டில பரப்பி, ஒரு மணித்தியாலம் மட்டில ஆறவச்சு ஃபிரிட்ஜுக்குள்ள வையுங்கோ, ஒரு நாளுக்கு மேல வச்சிருக்காதேங்கோ. சூடா வைக்கிற கறி 63 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, குளிர் சாமான் 8க்கு மேல போகக் கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வடையும் றோல்ஸும் காலமையில இருந்து பின்னேரம் வரைக்கும் இருக்கிற கடையள் எல்லாரும் இதைப் பாருங்கோ.

பிறகு டயரியைக் கேட்டா. "சேஃபர் ஃபூட் பெட்டர் பிசினஸ்" எண்ட, கடையில தினமும் சோதிச்சதை எழுதிவைக்கிற அந்த ஃபைல். எல்லா நாளும் ஒரே பேனை, ஒரே எழுத்து, ஒவ்வொரு நாளும் ஃபிரிட்ஜ் 4 டிகிரி. அவ பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வந்து டிசம்பர் 25இல விரலை வச்சா. கடை பூட்டியிருந்த நாள், அதிலயும் 4 டிகிரி. மச்சான் ஒண்டும் சொல்லேல்லை, அவவும் ஒண்டும் சொல்லேல்லை. ரேட்டிங் 2. சோத்தை விட அந்தப் பக்கம்தான் எங்களை விழுத்தினது. டயரி எழுத விட்டுப்போனால் விட்டுப்போன மாதிரியே விடுங்கோ, பிறகு ஒரேயடியா இருந்து நிரப்பாதேங்கோ.

ரேட்டிங் குறைவா வந்திட்டுது, என்ன செய்யலாம்?

மூண்டு வழி. ரேட்டிங் பிழை எண்டு நினைச்சால் 21 நாளுக்குள்ள கவுன்சிலுக்கு அப்பீல். சரிதான், ஆனா திருத்திப்போட்டன் எண்டால் திரும்பப் பாக்க வரச் சொல்லிக் கேக்கலாம், அநேகமான கவுன்சில்கள் அதுக்குக் காசு எடுக்கும், திரும்ப வரேக்க கூடவும் செய்யலாம் குறையவும் செய்யலாம். அதோட உங்கட பக்கத்துக் கதையை இணையத்தில ரேட்டிங்குக்குப் பக்கத்தில எழுதிவிக்கிற உரிமையும் இருக்கு. மச்சான் ரெண்டாவது வழியில போய் 5 எடுத்தவர். சில டெலிவரி ஆப்புகள் ரேட்டிங் குறைஞ்ச கடையை எடுத்துவிடும், அதால இதை இழுத்தடிக்க வேண்டாம்.

அலர்ஜி கேட்டால் "கடலை போடேல்லை" எண்டு சொல்லுறனாங்கள், போதாதா?

போதாது, சத்தியமாப் போதாது. நதாஷா எட்னன்-லாப்ரூஸ் எண்ட 15 வயசுப் பிள்ளை 2016இல ஒரு சான்ட்விச் சாப்பிட்டுச் செத்தது, பாணுக்குள்ள எள்ளு இருந்தது, லேபிளில இருக்கேல்லை. அதுக்குப் பிறகு வந்த சட்டம் 2021 ஒக்டோபர் 1இல இருந்து நடைமுறையில இருக்கு, கடையில முதலே பொதி பண்ணி வச்சு விக்கிற சாமானுக்கு முழுச் சேர்மானமும் லேபிளில வரோணும், 14 அலர்ஜிச் சாமானும் தடிச்ச எழுத்திலயோ வேற விதமாயோ தனிச்சுத் தெரியோணும். கடையில பைக்கற் போட்டு வைக்கிற மிக்சரும் இதுக்குள்ளதான்.

எங்கட சமையலில ஒளிஞ்சிருக்கிறதை யோசியுங்கோ. நல்லெண்ணெய் எள்ளு. தாளிக்கிற கடுகு அந்த 14இல ஒண்டு, கடுகு இல்லாத கறி எங்களிட்ட எத்தினை? கட்டிப் பெருங்காயத்தில கோதுமை மா கலந்திருக்கும். சம்பலுக்குள்ள மாசி மீன். நெய் பால். பாயசத்தில முந்திரி. கொத்துக்கு வெட்டுற றொட்டி கோதுமை, அதே தகட்டில முட்டை, அதே தகட்டில இறால். தேங்காய் அந்த 14இல இல்லை, உளுந்தும் இல்லை. ஒரு பேப்பரில சாப்பாட்டுப் பேரை ஒரு பக்கமும் 14ஐ மேலயும் போட்டு ஒரு கட்டம் கீறி கிச்சினில ஒட்டுங்கோ, ஃபோன் எடுக்கிற பொடியனும் அதைப் பாத்துத்தான் மறுமொழி சொல்லோணும். தெரியாட்டில் தெரியாது, இதைச் சாப்பிட வேண்டாம் எண்டு சொல்லுறது வெக்கம் இல்லை.

கடையை உடனே மூடச் சொல்லலாமா?

எலி ஓடித் திரியுது, சுடுதண்ணி இல்லை, சாக்கடை கிச்சினுக்குள்ள வருகுது எண்ட மாதிரி உடனடி ஆபத்து எண்டால் அந்த இடத்திலயே மூடலாம். பிறகு 3 நாளுக்குள்ள கவுன்சில் மஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போகோணும். ஆபத்து அந்தளவு இல்லையெண்டால் திருத்தச் சொல்லி நோட்டிஸ், குறைஞ்சது 14 நாள் தருவினம். நோட்டிஸை லாச்சிக்குள்ள போட்டு வச்சால் அது கேஸ் ஆகும்.

ராத்திரி 2 மணி வரைக்கும் கொத்து விக்கலாமா?

இரவு 11இல இருந்து காலமை 5 வரைக்கும் சூடான சாப்பாடோ சூடான குடிவகையோ விக்க 2003 சட்டத்தின் கீழ பிரெமிசஸ் லைசென்ஸ் (கடை இடத்துக்கான லைசென்ஸ்) வேணும், தேத்தண்ணியும் சேரும். விண்ணப்பம் போட்டால் வெளிர் நீல நோட்டிஸைக் கடை வாசலில 28 நாள் ஒட்டோணும், உள்ளூர்ப் பேப்பரிலயும் போடோணும். நோட்டிஸ் மழையில விழுந்தால் திரும்ப ஒட்டி, தினமும் ஒரு படம் எடுத்து வையுங்கோ. பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்தால் கமிட்டிக்குப் போகும். அவை கணக்கில எடுக்கிறது நாலு விசயம்தான்: குற்றம், பொதுப் பாதுகாப்பு, சத்தம் குப்பை மாதிரித் தொல்லை, பிள்ளையளின்ர பாதுகாப்பு. "எனக்கும் கடை இருக்கு, இன்னொண்டு வேண்டாம்" எண்ட எதிர்ப்பு செல்லாது. விசாரணைக்கு முதல் அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கதையுங்கோ, குப்பைவாளியை இரவு 10க்குப் பிறகு இழுக்கமாட்டம் எண்டு நீங்களே நிபந்தனை எழுதிக் குடுத்தால் எதிர்ப்பைத் திரும்ப எடுத்த ஆக்கள் இருக்கினம்.

பிளானிங் அனுமதி வேற. லைசென்ஸ் கிடைச்சும் பிளானிங்கில 11 மணி எண்டு இருந்தால் 11தான்.

விசா இல்லாத ஒரு பொடியனுக்குப் பாவம் பாத்து வேலை குடுத்தன், அது லைசென்ஸைப் பாதிக்குமா?

பாதிக்கும். ஹோம் ஒஃபிஸ் லைசென்ஸை மறுபரிசீலனை பண்ணச் சொல்லிக் கேக்கலாம், கவுன்சில் பறிக்கலாம், பறிச்சால் அப்பீலுக்கு இங்கயும் 21 நாள்தான். அதை விட 2024 பெப்ரவரியில இருந்து ஒரு ஆளுக்கு முதல் தரம் 45,000 பவுண்ஸ் வரைக்கும் தண்டம். அந்தப் பொடியனுக்கு உதவோணும் எண்டால் நல்ல இமிகிரேசன் லோயரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ.

கலைவிழாவுக்கு ஹோல் எடுக்கிறம், இரவு சாப்பாடும் பார்ட்டியும். அதுக்கும் லைசென்ஸா?

ஹோலுக்கே லைசென்ஸ் இருக்கா எண்டு முதல் கேளுங்கோ. இல்லாட்டில், குடிவகை விக்கிறது, ராத்திரிச் சூடான சாப்பாடு விக்கிறது இதுகளுக்கு கவுன்சிலுக்குக் குடுக்கிற தற்காலிக நிகழ்ச்சி நோட்டிஸ், 21 பவுண்ஸ், வேலை செய்யிற ஆக்களையும் சேத்து 499 பேர் வரைக்கும். வழமையான நோட்டிஸ் எண்டால் குறைஞ்சது 10 முழு வேலை நாளுக்கு முதல் குடுக்கோணும். குடுக்கிற நாளும் விழா நாளும் கணக்கில வராது, சனி ஞாயிறும் வராது, ஈஸ்டர் வெள்ளியும் திங்களும் வராது. போன சித்திரைக் கலைவிழாவுக்கு இதிலதான் ஒரு பழைய மாணவர் சங்கம் ஒரு நாள் பிந்திப் போச்சு. காலண்டரை எடுத்து விழா நாளில இருந்து பின்னால எண்ணிக்கொண்டு வாங்கோ, ரெண்டு பேர் தனித்தனிய எண்ணுங்கோ.